முத்துவின் தீபாவளிக் கட்டுரை

இரண்டு வருடமாகச் சனிக்கிழமை மாலைகளில் ஒரு கோயில் மண்டபத்தின் மாடியில் ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். நான் ஆசிரியர் அல்ல. உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்துவிட்டுத் தொழிற்சாலையில் வேலை பார்ப்பவள். வருகிறவர்கள் நான்காம், ஐந்தாம் படிவ மாணவர்கள். ஏறக்குறைய எல்லாருமே தமிழ்ப்பள்ளியிலிருந்து இடைநிலைப்பள்ளிக்குப் போனவர்கள். கட்டணம் கிடையாது. அதனால் நான் சரியாகச் சொல்லித் தருகிறேனா என்று கேட்கவும் ஆள் கிடையாது. நான் எழுத வந்தது சுரேஷ் கனகராஜாவின் ஒரு புத்தகத்தைப் பற்றி. ஆனால் அந்த மாடியில் நான் செய்த ஒரு தவற்றைச் சொல்லாமல் அதற்குள் போக முடியாது.

முதல் மாதத்தில் 'மறக்க முடியாத விடுமுறை' என்று ஒரு தலைப்புக் கொடுத்தேன். பதினான்கு கட்டுரைகள் வந்தன. அதில் ஒன்பது 'இட் வாஸ் எ பிரைட் அண்ட் சன்னி மார்னிங்' என்று தொடங்கின. ஒன்பது குடும்பங்களும் நல்ல வெயிலடிக்கும் காலையில் கேமரன் மலைக்கோ லங்காவிக்கோ புறப்பட்டுப் போய், களைப்பாக ஆனால் மகிழ்ச்சியாக வீடு திரும்பியிருந்தன. அந்த ஒன்பதில் ஒரு பையன். அவனை முத்து என்று வைத்துக்கொள்வோம். நம் பாடநூல்களில் அலி, ஆ சோங், முத்து என்று மூன்று பேர் எப்போதும் ஒன்றாகவே கால்பந்து விளையாடுவார்களே, அந்த முத்து.

"கேமரன் எப்ப போன?"

"போனதே இல்லக்கா."

"அப்பறம் ஏன் எழுதுன?"

"லீவுன்னா அதானக்கா எழுதணும்."

எனக்குப் பெரிய கண்டுபிடிப்பு நடந்துவிட்டது போலிருந்தது. இவர்கள் வாழ்க்கையிலிருந்து தலைப்புக் கொடுக்கவில்லை, அதான் பிரச்சினை! அமெரிக்கக் கல்வித்துறையில் இதற்கு ஒரு பெயரே உண்டு. மாணவரின் பண்பாட்டிலிருந்து தொடங்கும் கற்பித்தல். அதைப் பற்றி இணையத்தில் நாலு கட்டுரை படித்திருந்தேன். படித்த வேகத்தில் அடுத்த வாரமே 'எங்கள் வீட்டுத் தீபாவளி' என்று கொடுத்தேன்.

முத்து இம்முறை பக்கம் நிறைய எழுதியிருந்தான். எண்ணெய்க் குளியல், புத்தாடை, முறுக்கு, திறந்த இல்ல உபசரிப்பு, பல இன நண்பர்கள், ஒற்றுமை. பிழைகளும் குறைவு. எல்லார் முன்னாலும் பாராட்டினேன். வகுப்பு முடிந்து மற்றவர்கள் இறங்கிப் போன பிறகு அவன் மட்டும் நின்றான். அந்த வருடம் அவர்கள் வீட்டில் தீபாவளியே இல்லையாம். தாத்தா இறந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது.

"அத எழுதியிருக்கலாமேடா."

"தீபாவளிக் கட்டுரையில சாவ எழுதலாமாக்கா?"

கேமரன் மலை யாரோ ஒருவர் வீட்டுப் பொய். தீபாவளி அவன் சொந்த வீட்டைப் பற்றியே அவனைச் சொல்ல வைத்த பொய். சொல்ல வைத்தவள் நான், அதுவும் அவன் பண்பாட்டை மதிக்கிறேன் என்ற பெயரில்.

அதற்குப் பிறகுதான் கனகராஜாவின் நூலை உட்கார்ந்து படித்தேன். 1999-இல் ஆக்ஸ்ஃபோர்டு வெளியீடாக வந்தது. தலைப்பைத் தமிழில் 'ஆங்கிலக் கற்பித்தலில் மொழி ஏகாதிபத்தியத்தை எதிர்த்தல்' எனலாம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் முதலாமாண்டு மாணவர்களுக்கு அவர் ஆங்கிலம் கற்பித்த அனுபவம் அதன் நடுப்பகுதி. வெளியே போர் நடக்கிறது. வகுப்பில் 'அமெரிக்கன் கெர்னல் லெசன்ஸ்' என்ற பாடநூல் நடக்கிறது, அமெரிக்க நகர நடுத்தர வர்க்கத்து வாழ்க்கையோடு. மாணவர்கள் ஆங்கிலம் வேண்டுமென்று ஆர்வமாகத்தான் வந்தார்கள். போகப் போக வருகை குறைந்தது. வந்தவர்களும் குழுவாகப் பேசும் பயிற்சிகளை விரும்பவில்லை. இலக்கணத்தைச் சொல்லிக் கொடுங்கள், தேர்வுக்கு அது போதும் என்ற மனநிலையில் இருந்தார்கள்.

கனகராஜா அவர்களுடைய பாடநூல்களின் ஓரங்களைப் பார்க்கிறார். அங்கே கிறுக்கல்கள், படங்கள், குறிப்புகள். காதல் இருக்கிறது, சினிமா இருக்கிறது, அந்தக் காலத்துப் போராட்டம் இருக்கிறது. வகுப்பில் வாய் திறக்காதவர்கள் புத்தக ஓரத்தில் ஓயாமல் பேசியிருக்கிறார்கள். இதை அவர் எதிர்ப்பு என்று வாசிக்கிறார். கண்ணை மூடிக்கொண்டு அல்ல. தெளிவான அரசியல் உணர்விலிருந்து வரும் எதிர்ப்பையும் வெறும் முரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று அவரே சொல்கிறார்.

இருந்தாலும் எனக்கு அந்த வாசிப்பில் முழு உடன்பாடு இல்லை. நான் முதலாம் ஆண்டு போனது 2004-இல். அதற்கு முந்தைய வருடம்தான் அறிவியலையும் கணிதத்தையும் ஆங்கிலத்தில் கற்பிக்கும் பிபிஎஸ்எம்ஐ திட்டம் தொடங்கியிருந்தது. தமிழ்ப்பள்ளியில் படித்துக்கொண்டே அறிவியலை ஆங்கிலத்தில் படித்த தலைமுறை நாங்கள். என் அறிவியல் புத்தக ஓரமெல்லாம் புள்ளிக் கோலம். அது ஏகாதிபத்திய எதிர்ப்பு இல்லை. போர் அடித்தது, அவ்வளவுதான். ஆசிரியை ஆங்கிலத்தில் ஒரு வரி வாசித்துவிட்டுத் தமிழில் மூன்று வரி விளக்குவார், நடுவில் மலாயும் வரும். கொள்கைப்படி அது தப்பு. இன்று நான் வெப்பக் கடத்தல் என்றால் என்னவென்று பிழையில்லாமல் சொல்வது அந்தத் தப்பினால்தான். வகுப்பில் இப்படி மொழி மாறுவதைப் பற்றி கனகராஜா யாழ்ப்பாணப் பள்ளிகளை வைத்துத் தனியாக ஒரு ஆய்வே செய்திருக்கிறார். அதைக் குறையாகப் பார்க்காமல் பயனுள்ளதாகப் பார்த்தவர் அவர். அந்த வகையில் என் ஆசிரியை சார்பில் அவருக்கு நன்றி.

எனக்கு இன்னொரு குறையும் உண்டு. புத்தகத்தை மூடியபோது அந்த ஓரக் கிறுக்கல்கள் நினைவில் நின்றன. அந்த மாணவர்கள் எழுதிய கட்டுரை எதுவும் நிற்கவில்லை. ஓரங்கள் ஆய்வாளருக்குச் சான்றாகக் கிடைக்கின்றன. கற்பிப்பவளுக்கு அவை வேறு. யாரும் சொல்லாமல், மதிப்பெண் இல்லாமல், பக்கத்து நண்பன் படிப்பான் என்ற நம்பிக்கையில் எழுதப்பட்ட எழுத்து அது. அதைப் பக்கத்தின் நடுவுக்குக் கொண்டு வருவது எப்படி? அந்தக் கேள்வியை எனக்குக் கொடுத்துவிட்டுப் புத்தகம் கோட்பாட்டுக்குள் போய்விடுகிறது.

நூலின் மிகச் சிறந்த இடம் அந்த இலக்கண விஷயம்தான். மாணவர்கள் இலக்கணம் மட்டும் கேட்டதை முற்போக்கான ஆசிரியர் பழமைவாதம் என்று ஒதுக்கிவிடுவார். கனகராஜா அப்படிச் செய்யவில்லை. இலக்கணத்தை மட்டும் எடுத்துக்கொண்டு அந்த நூலின் அமெரிக்க வாழ்க்கையை வாசலிலேயே நிறுத்துவதற்கு அது ஒரு வழியாக இருந்திருக்கலாம் என்கிறார். இதைப் படித்தபோது முத்துவின் ஸ்ட்ராபெரித் தோட்டம் எனக்கு வேறு மாதிரி தெரிந்தது. மாதிரிக் கட்டுரையை மனனம் செய்து ஒப்பிப்பவன் தன் வீட்டை எனக்குக் காட்ட மறுக்கிறான். எதற்குக் காட்ட வேண்டும்? நான் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்திருக்கிறேன்.

நம் நாட்டில் இந்தப் பேச்சு வந்தாலே பாடநூலில் யார் பெயர் இருக்கிறது என்பதில் போய் முடிகிறது. 2018-இல் முதலாம் ஆண்டுக்கு 'சூப்பர் மைண்ட்ஸ்', முதலாம் படிவத்துக்கு 'பல்ஸ் 2' என்று வெளிநாட்டுப் பதிப்பகங்களின் ஆங்கிலப் பாடநூல்கள் வந்தபோது பலர் எதிர்த்தார்கள். உள்ளடக்கம் நம் பிள்ளைகளுக்கு அந்நியமாக இருக்கிறது என்பது முக்கியமான வாதம். நியாயமான வாதம்தான். ஆனால் அதற்கு முந்தைய உள்ளூர்ப் பாடநூல்களில் படித்தவள் நான். அந்த முத்து எனக்கு அந்நியன்தான். அவன் வீட்டில் யாரும் சாவதில்லை, யாருக்கும் கடன் இல்லை. வருடத்துக்கு ஒருமுறை தீபாவளி மட்டும் வரும்.

பண்பாட்டைச் சார்ந்த கற்பித்தல் என்பதற்கு 1995-இல் கோட்பாட்டு வடிவம் கொடுத்த குளோரியா லாட்சன்-பில்லிங்ஸ் சொன்னவை மூன்று: மாணவர் கல்வியில் தேற வேண்டும், தன் பண்பாட்டில் ஊன்றி நிற்க வேண்டும், சமூகத்தில் நடப்பதைக் கேள்வி கேட்கத் தெரிய வேண்டும். அவரே 2014-இல் ஒரு கட்டுரையில், தன் கருத்தைப் பலர் கறுப்பினப் பண்டிகையை வகுப்பில் கொண்டாடுவது, சுவரில் பல நிற முகங்களை ஒட்டுவது என்ற அளவுக்குச் சுருக்கிவிட்டார்கள் என்று சலித்துக்கொள்கிறார். என் தீபாவளித் தலைப்பும் அந்தக் கணக்கில் சேர்த்திதான்.

இந்த இடத்தில் ராபர்ட் கப்ளானையும் கொஞ்சம் திட்ட வேண்டியிருக்கிறது. 1966-இல் அவர் எழுதிய கட்டுரையில் ஒவ்வொரு பண்பாட்டுக்காரரும் பத்தி எழுதும் முறைக்கு ஒரு கோட்டோவியம் போட்டார். ஆங்கிலத்துக்கு நேர்கோடு, கீழைத்தேயத்துக்குச் சுருள். பிற்காலத்தில் பலர் அதை மறுத்துவிட்டார்கள். ஆனாலும் அந்தச் சுருள் நம் மண்டையை விட்டுப் போகவில்லை. தமிழ்ப் பிள்ளைகள் சுற்றி வளைத்துத்தான் எழுதுவார்கள், அது நம் பண்பாடு என்று தமிழர்களே என்னிடம் சொல்லியிருக்கிறார்கள்.

என் பாட்டி கதை சொன்னால் முதல் வரியிலேயே ஆளைக் கொன்றுவிடுவார். "அவன் போய்ச் சேந்துட்டான்டி, கேளு" என்றுதான் தொடங்கும். பிறகுதான் எப்படி, ஏன், யார் காரணம். நேர்கோடு என்றால் அப்படி ஒரு நேர்கோடு. முதலில் ஒரு பழமொழி, அடுத்து ஒரு குறள், பிறகு 'இன்றைய நவீன உலகில்' என்று சுற்றுவது பாட்டியிடமிருந்து வரவில்லை. தமிழ்ப்பள்ளிக் கட்டுரையில் மொழியணிக்காக நாங்கள் பழகியது அது. தேர்வின் பழக்கத்தைப் பண்பாடு என்று நினைத்துக்கொள்கிறோம். அந்தப் பழக்கத்தோடுதான் நான் வேலைக்கும் போனேன். ஒரு இயந்திரம் ஏன் நின்றது என்று நான் எழுதிய முதல் அறிக்கையில் தரத்தின் முக்கியத்துவம் பற்றி மூன்று பத்தி. மேலாளர் திருப்பி அனுப்பிவிட்டார். என்ன உடைந்தது என்பது இரண்டாம் பக்கத்தில்தான் இருந்தது. பாட்டி எழுதியிருந்தால் முதல் வரியில் இருந்திருக்கும்.

முத்து பள்ளி முடிந்து தன் மாமாவின் மோட்டார் பட்டறையில் வேலை செய்கிறான். ஒரு சனிக்கிழமை என் தோழியின் பழைய இஎக்ஸ்5 கோயில் வாசலில் அடைத்துக்கொண்டு நின்றது. நாங்கள் இரண்டு பொறியியல் பட்டதாரிகள் கையைப் பிசைந்துகொண்டு நிற்க, அவன் பிளக்கைக் கழற்றிக் காட்டினான்.

"இதப் பாத்தாலே கத தெரிஞ்சிரும்க்கா. கறுப்பா கரி புடிச்சிருந்துச்சின்னா எண்ணெ அதிகமா குடிக்குது. வெள்ளையா இருந்துச்சின்னா காத்து அதிகம். சில போமென் இதப் பாக்காமலே கார்புரேட்டர மாத்தச் சொல்வாங்க, காசு புடுங்க."

மேலே போனதும் அதையே வகுப்புக்குச் சொல்லச் சொன்னேன். அவன் தமிழும் மலாயும் ஆங்கிலமும் கலந்து பேசினான். நான் அப்படியே வெண்பலகையில் எழுதினேன், ஒரு சொல்லையும் மாற்றாமல். மற்றவர்கள் கேள்வி கேட்டார்கள். காற்று அதிகமானால் ஏன் வெள்ளையாகிறது? மாற்றச் சொல்கிறவன் பொய் சொல்கிறான் என்று வாடிக்கையாளருக்கு எப்படித் தெரியும்? கேள்விக்கான பதில்களையும் எழுதினேன். பலகை நிறைந்தது. அதற்குப் பிறகுதான் ஆங்கிலம்.

அவன் முதலில் சொன்ன ஆங்கில வாக்கியம் 'பிளக் பிளாக் மீன்ஸ் டூ மச் பெட்ரோல்'. இந்த நாட்டில் எல்லாரும் இப்படித்தான் பேசுகிறோம். அந்த 'மீன்ஸ்' எங்கிருந்து வருகிறது என்று பலகையைப் பார்த்தபோதுதான் எனக்கே உறைத்தது. அது நம் 'ன்னா'. 'இருந்துச்சின்னா', 'லீவுன்னா' என்பதில் வரும் 'ன்னா'. தமிழில் நிபந்தனை வினையின் வாலில் ஒட்டிக்கொண்டு வரும். ஆங்கிலத்தில் அது 'இஃப்' என்று தலையில் வந்து உட்காரும். பலகையில் 'ன்னா' வந்த இடத்தையெல்லாம் வட்டமிட்டோம், பதினொன்று இருந்தது. ஒவ்வொன்றின் வாலையும் வெட்டித் தலையில் வைத்தார்கள். இலக்கண நூலில் பத்து வாரம் ஏறாத பாடம் ஒரு மணி நேரத்தில் ஏறியது. முத்து அன்று எழுதியதில் வெயில் காலை இல்லை. எடுத்த எடுப்பில் ஏமாற்றுகிற போமென்தான் வந்தான்.

இதோடு நிறுத்தினால் நல்ல கதை. அடுத்த மாதம் பள்ளியில் ஒரு கட்டுரைக்கு முத்து அதே பட்டறையை எழுதினான், பேசுகிற மாதிரியே, 'மீன்ஸ்', 'போமென்' எல்லாம் போட்டு. மதிப்பெண் மோசம். ஓரத்தில் 'பேச்சுமொழி' என்று சிவப்பில் இருந்தது. எனக்குக் கோபம் வந்தது. அன்றிரவு லிசா டெல்பிட்டை மறுபடியும் எடுத்தேன். 1988-இல் அவர் எழுதிய கட்டுரையின் வாதம் எளிமையானது. தாராள மனசுள்ள ஆசிரியர்கள் மாணவரின் குரலை வளர்க்கிறோம் என்று சொல்லி எழுத்தின் விதிகளைச் சொல்லாமல் விடுகிறார்கள். வீட்டிலேயே அந்த விதிகளைக் கற்று வருகிற பிள்ளைகளுக்கு அதனால் நட்டமில்லை. ஏழைக் கறுப்பினப் பிள்ளைகளுக்குத்தான் கதவு மூடுகிறது. டெல்பிட் அமெரிக்காவில் எழுதியது கோயில் மாடியில் என் கன்னத்தில் விழுந்தது. 'மீன்ஸ்' எங்கே செல்லும், எங்கே செல்லாது என்று நான் முத்துவுக்குச் சொல்லவில்லை. அந்தப் பள்ளி ஆசிரியர் சொன்னார். அவர் சொன்ன விதம் எனக்குப் பிடிக்காமலிருக்கலாம், சொன்னது அவர்தான்.

பின்னாளைய கனகராஜாவோடு நான் முட்டிக்கொள்வதும் இங்கேதான். 2006-இல் எழுதிய ஒரு கட்டுரையில் அவர் வட்டார ஆங்கிலத்தையும் ஏட்டு ஆங்கிலத்தையும் ஒரே எழுத்துக்குள் பின்னுவதை முன்வைக்கிறார். உதாரணம் ஜெனீவா ஸ்மிதர்மன், ஆய்வுக் கட்டுரைக்குள்ளேயே கறுப்பின ஆங்கிலத்தைக் கலந்து எழுதியவர். அழகான யோசனை. ஆனால் ஸ்மிதர்மன் பெயர் பெற்ற பேராசிரியர். அவர் கலந்தால் அது நடை. முத்து கலந்தால் அது பிழை. இது கனகராஜாவுக்குத் தெரியாததல்ல. 2002-இல் வந்த அவருடைய இன்னொரு நூல், காகிதத்துக்கும் மின்சாரத்துக்கும் தட்டுப்பாடான யாழ்ப்பாணத்திலிருந்து மேற்கத்திய ஆய்விதழ்களுக்கு எழுதுவது எவ்வளவு பாடு என்பதைத்தான் பேசுகிறது. யார் எழுதினால் எது செல்லும் என்பதை அவரளவு அனுபவித்தவர்கள் குறைவு. அதனாலேயே, பின்னுகிற யோசனையை ஐந்தாம் படிவத்துக்குக் கொண்டுவரும் வழியை அவரிடம் எதிர்பார்க்கிறேன்.

எனக்குக் கிடைத்த ஒரே வழி தேர்வுத் தாளையே மாணவர்களோடு பிரித்துப் படிப்பது. இப்போதைய எஸ்பிஎம் ஆங்கிலத்தில் எழுத்துத் தாளில் மூன்று பகுதிகள். ஒவ்வொன்றுக்கும் 20 மதிப்பெண். அந்த இருபதும் உள்ளடக்கம், வாசிப்பவரைச் சென்றடைதல், ஒழுங்கமைப்பு, மொழி என்று ஐந்து ஐந்தாகப் பிரிகிறது. நான் சிவப்பு மையைக் கொட்டிக்கொண்டிருந்தது நான்கில் ஒரு பங்குக்கு. மற்ற மூன்றிலும் பாட்டியின் முதல் வரிக்கு இடமிருக்கிறது, பட்டறைக்கும் இருக்கிறது. இதை மாணவர்களிடம் காட்டியபோது அவர்கள் முகத்தில் ஏமாற்றப்பட்டவர்களின் கோபம் தெரிந்தது. ஒருத்தி, "இத ஏன்க்கா யாருமே சொல்லல?" என்றாள். எனக்கும் யாரும் சொல்லவில்லை.

போன மாதம் முத்து ஒரு கட்டுரை கொண்டு வந்தான். நான் கேட்கவில்லை. அந்த வருடம் எங்கள் வீட்டில் தீபாவளி இல்லை என்று முதல் வரி. பக்கத்து வீட்டிலிருந்து தட்டில் பலகாரம் வருகிறது, அம்மா அதை வாங்கி மூடி வைக்கிறார், சின்னத் தங்கை மட்டும் யாருக்கும் தெரியாமல் ஒரு முறுக்கை எடுத்துத் தின்கிறாள். இருநூற்றுச் சொச்சம் சொற்கள். ஓர் இடத்தில்கூட ஒற்றுமை வரவில்லை. பள்ளி ஆசிரியரிடமும் கொடுத்திருக்கிறான். உள்ளடக்கத்துக்கு 4, சென்றடைவதற்கு 4, ஒழுங்குக்கு 3, மொழிக்கு 2.

நான் அந்தத் தங்கையைப் பற்றிக் கேட்டேன். அவன் பதில் சொன்னான், சுருக்கமாக. பிறகு தாளைத் திருப்பி அந்த 2-ஐ விரலால் தொட்டுக் காட்டினான்.

"இது ஏன்க்கா ரெண்டு?"

இறந்தகாலம். பாதி வாக்கியங்களில் நிகழ்காலத்துக்கு நழுவியிருந்தான். பலகாரத் தட்டு வரும்போது நேற்று, தங்கை தின்னும்போது இன்று. அந்த நழுவலில் ஒரு அழகு இருந்தது, எனக்குப் பிடித்தும் இருந்தது. அதை அவனிடம் சொல்லவில்லை. அன்று ஏழரை மணிக்குக் கீழே பூசை மணி அடிக்கிற வரைக்கும் இறந்தகால வினைகளைத்தான் நடத்தினேன்.